படம் விட்டு வருகிறவர்கள் சொன்னது

ஜாலான் புசார் பக்கம் இருந்த அந்தப் படக்கொட்டகைக்கு இரண்டு வாசல். உள்ளே போகிறவர்கள் முன்வாசலில் வரிசை பிடித்து நிற்பார்கள். படம் விட்டதும் பக்கவாட்டு இரும்புக் கதவைத் திறந்து கூட்டத்தைச் சந்துக்குள் தள்ளிவிடுவார்கள். கச்சாங் பூத்தே என்று கடலை, பட்டாணி விற்கிறவனுக்கு இந்த இரண்டு வாசலுக்கும் உள்ள வித்தியாசம் வயிற்றில் தெரியும். உள்ளே போகிறவன் கையில் ஒரு கடலைப் பொட்டலம் இல்லாமல் உட்கார மாட்டான். வெளியே வருகிறவனுக்கோ வீட்டுக்குப் போகிற அவசரம். அவன் வாய் நிறையப் படத்தைப் பற்றிய பேச்சுதான் இருக்கும். கடலைக்கு அங்கே இடமில்லை.

வேலாயுதம் முன்வாசலில் நின்று விற்றவர். பிறகு பக்கவாசலுக்கு வந்து சேர்ந்தவர். எப்படி வந்தார் என்பதைச் சொன்னால்தான் அவர் பின்னால் செய்த காரியம் புரியும்.

சண்டைக்கு முன்பே கப்பலேறி வந்தவர் அவர். கொஞ்சகாலம் முனிசிபல் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் காலத்தில் கைவண்டி தள்ளினார். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு யாரிடமும் கைகட்டி நிற்கப் பிடிக்காமல், தலையில் சும்மாடு வைத்துத் தட்டைத் தூக்கினார். தடுப்புத் தடுப்பாகப் பிரித்த மரத்தட்டு. ஒன்றில் வறுத்த கடலை, ஒன்றில் உப்புப் பட்டாணி, ஒன்றில் அவித்த கொண்டைக்கடலை, மற்றதில் சீனி பூசிய கடலையும் முறுக்குத் துண்டுகளும். பழைய பேப்பரை ஒரே சுற்றில் கூம்பாகச் சுருட்டி நுனியை மடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய பேச்சுக்காரர் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு பிடி கூடுதலாகப் போடுவார். அதனால் அவரைத் தேடி வருவார்கள்.

தங்கியது டன்லப் ஸ்திரீட்டில், ஒரு கடைவீட்டின் மாடியில். அதே தொழில்காரர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே ஒன்றாகக் கிடந்தார்கள். பின்கட்டில் ஒரே அடுப்பு. விடியற்காலையில் ஒருவர் கடலை வறுத்தால் இன்னொருவர் முறுக்குப் பிழிவார். வேலாயுதத்தின் பாய்க்குப் பக்கத்துப் பாய் சன்னாசியுடையது.

சன்னாசி அவரைவிட நாலைந்து வயது இளையவன். கெட்டிக்காரன். வேலாயுதத்தை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். சிலேத்தார் பக்கம் ஒரு கம்பத்தில், கிராமத்து வீட்டில், மனைவியோடு குடியிருந்தவன், ஒருநாள் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டாள் என்றான். யாரும் மேலே கேட்கவில்லை.

ஒரு மழைநாள் மத்தியானம். வெளியே போக முடியாமல் இருவரும் மட்டும் மாடியில் இருந்தபோது அவனே சொன்னான்.

"அண்ணே, கண்மணி ஊருக்குப் போகல. கையில சுட்டுக்கிட்டா, அவளுக்குத் தெரியவே இல்ல. கொப்புளம் வந்தப்புறம்தான் பாத்தோம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மறுவாரம் வண்டி வந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க."

எந்த வியாதி என்று அவன் பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வியாதிக்காரர்களை ஈயோ சூ காங் பக்கம், இன்றைக்குச் செங்காங் அடுக்குமாடிகள் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேலி போட்ட ஓர் இல்லத்தில் வைத்திருந்தார்கள். அரசாங்கமே பிடித்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கலாம்.

"இது என் வாயிலேருந்து வெளிய வராது, நீ போய் அவளப் பாத்துட்டு வா," என்றார் வேலாயுதம். சன்னாசி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டு வைத்ததும் இவர்தான்.

அடுத்த வருஷம் வேலாயுதம் இரும ஆரம்பித்தார். முதலில் கடலை வறுக்கிற புகை என்று நினைத்தார். சளியில் ரத்தம் கண்டதும் மோல்மீன் ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சுநோய் என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டார்கள். ஊசி, மாத்திரை, பால், முட்டை என்று மாதக்கணக்கில் போயிற்று. முன்வாசல் இடம் காலியாகக் கிடந்தால் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று சன்னாசியை நிற்கச் சொன்னதும் அவரேதான். "நீங்க வர்ற வரைக்கும் பாத்துக்கறேன் அண்ணே," என்றான் அவன்.

அந்தச் சமயத்தில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். ரோவல் ரோட்டில் சலவைத் தொழில் செய்தவரின் மகள் தங்கம். நாற்பதை நெருங்குகிறவருக்கு அமைந்த சம்பந்தம். இருமலுக்கு மருந்து சாப்பிட ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. குணமாகி வெளியே வந்தபோது பெண் வீட்டார் முகம் கொடுக்கவில்லை. தங்கத்தின் தகப்பன் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"நெஞ்சுநோய் ஒட்டிக்கும்லா. உங்ககூட இருந்த ஆளே சொல்றாரு, சாப்பிட்ட தட்டைக்கூடத் தனியா வைக்கணுமாம். எம்மவள எப்படிக் குடுக்கறது?"

கூட இருந்த ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. கொட்டகைக்குப் போனார். முன்வாசலில் சன்னாசி நின்றுகொண்டிருந்தான். வரிசையில் நின்ற பழைய வாடிக்கைக்காரர்கள் வேலாயுதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் பக்கத்தில் வரவில்லை. ஒரு சீனக் கிழவி தன் பேரனின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சன்னாசி தட்டை எடுத்துக்கொண்டு இடத்தை விடவில்லை. "கொஞ்சநாள் போகட்டும் அண்ணே. ஜனங்க பயப்படறாங்க," என்றான். கொஞ்சநாள் போயிற்று. மாதங்களும் போயின. வேலாயுதம் பக்கவாசல் சந்தில் நிற்கத் தொடங்கினார். மாடியிலும் பாயை மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார்.

அங்கே வியாபாரம் இல்லை, பேச்சு இருந்தது. ஒவ்வொரு ஆட்டம் விடும்போதும் ஜனங்கள் படத்தைப் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போவார்கள். தமிழும் மலாயும் அவருக்குப் புரியும். காசு கொடுத்து உள்ளே போகாமலே ஊரில் ஓடுகிற படமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது இப்படித்தான்.

ஐம்பத்தேழிலோ எட்டிலோ அந்த இங்கிலீஷ் குதிரைக்காரப் படம் வந்தது. புதுப்படம் இல்லை. சண்டை முடிந்த புதிதில் ஒருமுறை ஓடியதாம். பெட்டியைத் தூசி தட்டி மறுபடி கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு நாள் ஓடினால் அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வாரக்கணக்கில் ஓடியது.

துண்டு துண்டாக அவர் காதில் விழுந்த கதை இதுதான். ஒருவனுக்கு ஒரு கூட்டாளி. நம்பி மாட்டுப்பண்ணையை விட்டுவிட்டுப் போகிறான். கூட்டாளி துரோகம் செய்து பண்ணையைத் தன் பேருக்கு எடுத்துக்கொள்கிறான், வீட்டையும் கொளுத்திவிடுகிறான். ஏமாந்தவன் வருஷக்கணக்கில் குதிரையில் அலைந்து கடைசியில் அவனைக் கண்டுபிடிக்கிறான். ஊர் நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, முட்டி போட வைத்துச் சுடுகிறான்.

"அப்படி வச்சுக் குடுத்தான் பாரு. அதான்லா நியாயம்," என்று சொல்லிக்கொண்டு போனார் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆபீஸ் கிராணி.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இருவர் அவரை ஒட்டியே நின்று சுருட்டுப் பற்றவைத்தார்கள். "எத்தனை வருஷம் மனசுல வச்சிருந்தான் பாத்தியா? அவன்தான் ஆம்பள," என்றான் ஒருவன். "மறந்துட்டேன்னு சொல்றவன்லாம் பயந்தவன்," என்றான் மற்றவன்.

ஒரு மலாய்க்கார டிரைவர் சிரித்தபடி, "பாடான் முக்கா," என்றார். அவனுக்கு நன்றாக வேண்டும் என்று அர்த்தம்.

வேறு மாதிரி சொன்னவர்களும் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்த ஒருவர், "கடைசில தனியாப் போறான் பாரு, ஊர்ல ஒருத்தன் அவன்கூடப் பேசல. அதுதான் படமே," என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் சரிங்க. அந்தப் பொம்பள என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள். எந்தப் பொம்பளை என்று வேலாயுதம் யோசிக்கவில்லை. பொம்பளைகள் எந்தப் படத்துக்கும் அழுவார்கள் என்று விட்டுவிட்டார்.

பிற்பாடு அவரை அரித்த விஷயம் இதுதான். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால், ஊர் சொன்னதைக் கேட்டுக் கெட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டும்தான் காதில் விழுந்தது. தனக்கு வேண்டியதை மட்டும் அவர் மடியில் கட்டிக்கொண்டார். கிராணி சொன்னதையும் மூட்டைக்காரர்கள் சொன்னதையும் மாடியில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். மறுகோடியில் சன்னாசியின் குறட்டை கேட்கும். நான் பயந்தவன்தானா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. வேலாயுதம் அன்றைக்குச் சண்டை போடுகிற எண்ணத்தோடு போகவில்லை. தட்டோடு முன்வாசலுக்குப் போய், "கூட்டம் நெறைய இருக்கு சன்னாசி. ஞாயித்துக்கிழமை மட்டும் நானும் இந்தப் பக்கமா நிக்கறேன்," என்றார். நயமாகத்தான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல்தான், வெயிலில் நடந்து வந்ததால் வந்தது.

சன்னாசி பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னான். "தள்ளி நில்லுங்க அண்ணே. ஜனங்க மேல இருமாதீங்க."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. முன்னால் நின்ற இரண்டு பேர் ஓரடி பின்வாங்கினார்கள்.

வேலாயுதம் தட்டைக் கீழே இறக்கி வைத்தார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் இருமலுக்குப் பயப்படறீங்க. இவன் கையால வாங்கித் தின்றீங்களே, இவன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு கேளுங்க. குஷ்டரோக ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னிக்குக் காலையில அவளப் பாத்து, அவ கையப் புடிச்சுப் பேசிட்டு, அந்தக் கையோடதான் வந்து நிக்கறான்."

மலாயிலும் ஒருமுறை சொன்னார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த வியாதிக்கு மலாயிலும் 'கூஸ்தா'தான். அந்த ஒரு சொல் வரிசையின் கடைசி ஆள்வரைக்கும் ஓடியது.

பொட்டலங்கள் கீழே விழுந்தன. ஒரு தாய் தன் குழந்தையின் வாயில் விரலைவிட்டு, மென்றுகொண்டிருந்த கடலையை வழித்து எறிந்தாள். குழந்தை அலறியது. யாரோ ஒருவர் காலால் எத்தியதில் சன்னாசியின் தட்டு சாய்ந்து பட்டாணி சாக்கடை ஓரம்வரை உருண்டது.

சன்னாசி இல்லை என்று சொல்லவில்லை. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அவன் வேலாயுதத்தை ஒருதரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் வேலாயுதத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்தவன் காரியத்துக்காக வெட்கப்படுகிறவன் பார்க்கிற பார்வை அது. பிறகு குனிந்து, தட்டை நிமிர்த்தி, துணியால் மூடி, தலையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

அந்த நிமிஷமே வேலாயுதத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ கழன்றது. அதை வெற்றி என்று நினைக்க அவர் ரொம்பப் பாடுபட்டார்.

மாடியில் இருந்தவர்கள் அன்றைக்கே சன்னாசியின் பாயையும் பெட்டியையும் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். அவன் வந்து எதுவும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனானாம். வேலாயுதம் அப்போது அங்கே இல்லை. இருக்க முடியாமல் கிளைவ் ஸ்திரீட்டில் சாகுல் ஹமீது என்பவரின் சரபத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்திருந்தார்.

அங்கே எல்லாரும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். படத்தைப் பற்றி இல்லை, அவரைப் பற்றி. "சரியாச் செஞ்சீங்க," என்றார் ஒருவர். "இத்தனை நாளு எப்படிப் பொறுத்தீங்க?" என்றார் இன்னொருவர். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற அப்துல் அஜீஸ் அவர் முதுகில் தட்டி, "படத்துல அவன் துப்பாக்கியால சுட்டான், நீங்க வாயாலேயே சுட்டுட்டீங்க," என்று சிரித்தார். சாகுல் ஹமீது மட்டும் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எப்பிடி?"

"அவன்தான் சொன்னான்."

சாகுல் ஹமீது தேநீரை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

முன்வாசல் கிடைத்தது. இரண்டு வாரம்கூட நன்றாக நடக்கவில்லை. "சன்னாசியும் நீங்களும் ஒரே ரூம்தானே?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது பத்துப் பேர் காதில் விழுந்தது. டன்லப் ஸ்திரீட் மாடிக்காரர்கள் யாரிடமும் வாங்காதே என்று பேச்சுக் கிளம்பியது. மற்றக் கொட்டகைகளில் விற்ற மாடிக்காரர்களும் தட்டு நிறையச் சரக்கோடு திரும்பி வந்தார்கள். அவரிடம் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது.

படத்தை மாற்றப்போகிற வாரம், வியாபாரம் இல்லாமல் நின்றவரைப் பார்த்து அப்துல் அஜீஸ் இரக்கப்பட்டார். "சும்மாதானே நிக்கறீங்க, உள்ள போய்ப் பாருங்க. நாளைக்கு இந்தப் படம் இருக்காது," என்று மத்தியான ஆட்டத்துக்கு உள்ளே விட்டார்.

முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. ஜனங்கள் சொன்னதெல்லாம் படத்தில் இருந்தது. துரோகம், தீ, குதிரை, வருஷங்கள். நடுத்தெருவில் முட்டி போட வைத்ததும் இருந்தது. கொட்டகை விசிலடித்தது.

யாரும் சொல்லாதது ஒன்றும் அதில் இருந்தது. முட்டி போட்டவனைக் காட்டிவிட்டு, சுற்றி நின்ற ஊர்க்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒருவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். ஒருத்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்த முகங்களை வேலாயுதத்துக்குத் தெரியும். முன்வாசல் வரிசையில் பார்த்த முகங்கள். அப்புறம் ஒரு வீட்டு வாசலில் முட்டி போட்டவனின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மாவு பிசைந்த கையோடு வந்திருந்தாள். அந்தக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள். வாத்தியார் மனைவி அழுதது இவளுக்காகத்தான் என்று அவருக்கு இப்போது தெரிந்தது.

வெளிச்சம் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி ஆளாகப் பக்கவாசல் வழியே வந்தார். சந்தில் நின்ற அந்தக் கிராணி, இரண்டாம் தடவை படம் பார்க்க வந்தவர், அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன அண்ணே, நீங்களே பாத்துட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் வேலாயுதம். வீடுவரைக்கும் அந்தப் பொய்யும் கூட வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி ஈயோ சூ காங் போனார். சன்னாசியைப் பார்த்துவிட வேண்டும், காலில் விழ வேண்டுமானாலும் விழுந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். வேறு எங்கே தேடுவது என்று தெரியவில்லை. வாசலில் பேர் கேட்டார்கள். கண்மணியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். மரத்தடியில் போட்ட பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

சன்னாசி இன்னும் வரவில்லை. கண்மணிதான் முதலில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். காலில் கட்டு. புடவைத் தலைப்பால் கைகளை மறைத்திருந்தாள். சற்றுத் தள்ளியே நின்று கேட்டாள்.

"நீங்க யாருங்க?"

"வேலாயுதம். டன்லப் ஸ்திரீட்டு…"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வேலாயுதம் அண்ணனா? அவரு உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரொம்ப வருத்தப்பட்டாரு. இப்ப ஒடம்பு தேவலையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கொட்டகை வேலை அலுத்துப்போச்சுன்னு விட்டுட்டாராமே? நின்னா கால் வலிக்குதுன்னாரு. இப்ப புக்கிட் பாத்தோக் பக்கம் கல்லு ஒடைக்கப் போறாரு. கடலை விக்கறதவிடவா கல்லு ஒடைக்கறது சுலபம்? நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா அண்ணே?"

அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவே இல்லை. தன்னால்தான் அவனுக்கு இந்தக் கதி வந்தது என்று அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று மறைத்துவிட்டான்.

அவள் உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். அங்கே அவர்களே வளர்த்த மரமாம். பெஞ்சின் மறுகோடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வேலாயுதம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவராக நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கண நேரம்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"தோலு இருக்குல்ல அண்ணே. உள்ள யாரும் தொடல," என்றாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பல பேருக்குச் சொல்லிப் பழகியவள் மாதிரி சொன்னாள்.

அவர் ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். இன்னொன்றும் தின்றார்.

சன்னாசி வந்தபோது பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்ததும் நடை நின்றது. கண்மணி அவனைப் பார்த்து, "அண்ணன் வந்திருக்காரு பாருங்க," என்றாள். அவன் வந்து உட்கார்ந்தான். அவள் முன்னால் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார்கள். சன்னாசியின் உள்ளங்கையெல்லாம் வெடித்திருந்தது. நேரம் முடிந்து மணி அடித்ததும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள்.

பஸ் நிற்கும் இடம்வரைக்கும் நடந்தார்கள். மரநிழலில் நின்றதும் வேலாயுதம் சொன்னார்.

"முன்வாசல் உனக்குத்தான் சன்னாசி. நான் போயிடறேன். நீ வந்து நில்லு."

"இனி யாரு எங்கிட்ட வாங்குவா?"

வேலாயுதம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் பண்ணது…" என்று ஆரம்பித்தார்.

"நான் பண்ணதும் தப்புதான்," என்று சன்னாசி குறுக்கிட்டான். "நீங்க வந்துட்டா எடம் போயிடும். இவளுக்கு மருந்து, பழம், பஸ்ஸுன்னு நெனச்சேன். அதான் ஊர்ல சொன்னேன். உங்க கல்யாணம் வரைக்கும் போகும்னு நெனைக்கல. அதுக்கு நீங்க என்னை அடிச்சிருக்கலாம். வாங்கியிருப்பேன்." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். "நான் சொன்னது உங்களைப் பத்தி. நீங்க சொன்னது அவளைப் பத்தி."

அவன் ஒருதடவைகூட 'அண்ணே' என்று சொல்லவில்லை என்பதை வேலாயுதம் கவனித்தார்.

பஸ் வந்தது. "நீங்க ஏறுங்க, நான் அடுத்ததுல வர்றேன்," என்றான் சன்னாசி. பிறகு ஒன்று கேட்டான். "அவகிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல."

"சொல்லாதீங்க. நீங்க இனிமே இங்க வரவும் வேணாம்."

வேலாயுதம் அதற்குப்பின் கொட்டகைப் பக்கம் போகவில்லை. டன்லப் ஸ்திரீட்டையும் விட்டுவிட்டார். செம்பவாங்கில் கப்பல் பட்டறை வாசலில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். வேலை முடிந்து வருகிற தமிழாட்கள் வாங்குவார்கள். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டொரு பேர் பேச்செடுத்தபோது, எனக்கு நெஞ்சுநோய் வந்த உடம்பு என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவர்களாக விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட அவருக்கு மனமில்லை.

புது மருந்து வந்து அந்த இல்லத்தில் பலருக்கு வியாதி தீர்ந்தது என்று அறுபதுகளில் கேள்விப்பட்டார். ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைப் பக்கம் நின்றபோது, "அண்ணே," என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்மணி. கொஞ்சம் பருத்திருந்தாள். கையில் துணிப்பை. விரல்கள் மடங்கியிருந்தன, ஆனால் இப்போது மறைக்கவில்லை. பின்னால் சன்னாசி, நரைத்துப்போய், கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தனை வருஷமாச்சு அண்ணே. அன்னிக்கு ஒருதரம் வந்தீங்க, அப்புறம் காணோமே? அந்த வருஷத்துல அவரைத் தவிர என்னைப் பாக்க வந்த ஒரே ஆளு நீங்கதான்," என்றாள். "இப்ப வீடு கெடச்சிருக்கு. ஒருநாள் சாப்பிட வாங்க."

வேலாயுதம் சன்னாசியைப் பார்த்தார். அவன் ஒரு கத்திரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வர்றேம்மா," என்றார் வேலாயுதம்.

அவள் வீடு எங்கே இருக்கிறது, எந்தப் பஸ் ஏற வேண்டும், எந்த மாடி என்றெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கூட்டம் நெருக்கியது. அவர்கள் இரண்டு பேரும் காய்கறிக் கடைகளைத் தாண்டிப் போகிறவரைக்கும் அங்கேயே நின்றார்.

அவர் போகவில்லை. வழி மட்டும் மறக்கவில்லை.